நாலு நாட்டு இருட்டுக்கு ஒரு தாய்மாமன்

கிட்ட வாங்கோ பிள்ளையள். பின்னுக்கு நிற்கிற நீங்களும்தான். ஈரச் சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு, குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்து இருங்கோ. இன்றைக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். நாலு நாடு ஒரே நேரத்தில் இருண்டு போன கதை. அந்த இருட்டை யாருடைய தலையில் கட்டலாம் என்று படித்த மனிசர் மேசை போட்டுத் தேடின கதை. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கோ. எனக்கு வராது. நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியில் ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். அங்கே கதிர்காமநாதன் என்று ஒரு யாழ்ப்பாணத்து மனிசன் மனைவி லலிதாவோடு இருந்தார். ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிற வேலை. இந்த நாட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருசமாகியும் அவர்கள் கையில் இருந்தது டுல்டுங் என்கிற கடதாசிதான். அது என்னவென்று தெரியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன். ‘உன்னைத் திருப்பி அனுப்புவோம், ஆனால் இன்றைக்கு அல்ல’ என்பதை முத்திரை குத்தித் தருகிற கடதாசி அது. மாதக்கணக்கு முடிய முடியப் போய், வரிசையில் நின்று, அந்த ‘இன்றைக்கு அல்ல’வைப் புதுப்பிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. பக்கத்து மாவட்டத்தில் தக்காளி மலிவென்றாலும் அது அந்த மனிசனுக்கு வெளிநாட்டுத் தக்காளிதான்.

அந்த வருசம் அங்கே யாழ்ப்பாணப் பக்கம் சமாதான ஒப்பந்தம் கிழிந்து, பாதை பூட்டி, ஷெல்லடி தொடங்கியிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஃப்ராவ் கெஸல் என்ற அதிகாரியின் மேசையில் மட்டும் சமாதானம் கீறல் விழாமல் இருந்தது.

“உங்கள் நாட்டில் போர்நிறுத்தம் நிலவுகிறது. தை மாதம் நீங்கள் இருவரும் புறப்படலாம்” என்றார்.

“அம்மா, நேற்றும் குண்டு விழுந்தது” என்றாள் லலிதா, தன் உடைந்த ஜெர்மனில்.

ஃப்ராவ் கெஸல் பொறுமையாகக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். “எங்கள் கோப்பில் விழவில்லை” என்றார்.

தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கையில் ஒரு சனிக்கிழமை, கதிர்காமநாதனின் தங்கை மகள் ஆதிரை பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். தகப்பன் செல்வராசாவுக்கு டுசல்டோர்ஃபில் நகைக்கடை. பெரிய மண்டபம் எடுக்க வசதியிருந்தும், கதிர்காமநாதன் எல்லை தாண்ட ஏலாது என்பதால் அவருடைய ஊரிலேயே மண்டபம் எடுத்தார். எடுத்ததைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்லியும் காட்டினார். மேடையில் ஒரு பெரிய சிப்பி. புகை வரும், ஆயிரம் பல்பு எரியும், சிப்பி வாயைத் திறக்கும், உள்ளேயிருந்து பிள்ளை முத்தாக எழும்பி வரும். ஐயர் குறித்துத் தந்த நல்ல நேரத்தில் அதன் சுவிச்சைப் போடுகிற மரியாதை தாய்மாமனுக்கு.

“மச்சான், நேரம் பிந்தப்படாது. வீடியோக்காரன் ரெடி” என்றார் செல்வராசா.

“ஓம் மச்சான், பயப்படாதேங்கோ.”

கதிர்காமநாதன் சாமியைக் கும்பிட்டுச் சுவிச்சைப் போட்டார். மண்டபம் இருண்டது. தெரு இருண்டது. சிப்பி கால்வாசி திறந்தபடி நிற்க, உள்ளேயிருந்து ஆதிரையின் குரல் மட்டும் வந்தது: “மாமா, என்ர கொண்டை மாட்டிப்போட்டுது!”

“ஆரடா அது? ஆர் இந்த வேலை பார்த்தது?” என்று செல்வராசா கத்தினார். கிழவிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நல்ல நேரத்தில் விளக்கு நூர்ந்தால் பிள்ளைக்குக் கூடாது, நேரம் பார்த்ததில்தான் பிழை என்று பேச்சுப் பரவியது.

பிள்ளையள், எங்கள் சபைகளில் ஒரு குறை வந்தால் தாய்மாமன் முன்னுக்கு வந்து அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வார், தெரியுந்தானே? பெண் பிள்ளையில் ஒரு சொல் விழக்கூடாது. அதற்காகத்தான். கதிர்காமநாதனும் இருட்டுக்குள் எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“நான்தான். என்ர கைதான். பிள்ளையிலயும் பிழையில்லை, நேரத்திலயும் பிழையில்லை. எல்லாம் நான்தான்.”

டோர்ச் லைட்டோடு ஓடி வந்த, மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டரிடமும் அதையே ஜெர்மனில் சொன்னார். அவர் ஒழுங்கான மனிசன். சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்த நேரம் ஒல்லாந்து இருட்டு. பெல்ஜியம் இருட்டு. பிரான்சின் வடக்குப் பக்கமெல்லாம் இருட்டு. லிஃப்டுக்குள் மனிசர், சுரங்கத்துக்குள் ரயில்.

நடந்தது இதுதான். ஒரு அமைச்சர் பசுமை மின்சாரத்தைப் பற்றிப் பேசி, ஒரு மின்கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்க இருந்தார். கோபுரம் சாம்பல் நிறமாக இருந்தது. பச்சை பெயின்ற் அடிக்கவேண்டும் என்று, எல்லை தாண்டிப் போகிற பெரிய கம்பியின் மின்சாரத்தை ஒரு ஜெர்மன் மின்கம்பனி நிறுத்தியது. பக்கத்து நாடுகளுக்குத் திங்கட்கிழமை என்று அறிவித்துவிட்டுச் சனிக்கிழமையே நிறுத்தியது. பாரம் எல்லாம் மற்றக் கம்பிகளில் ஏற, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அந்தத் தொழிலில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால்தான் ஆணையம் தேவைப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாததாக ஆக்குவது தனி ஆளால் முடிகிற வேலையா?

மின்தடைப் பொறுப்பு நிர்ணய நால்நாட்டு ஆணையம் பிரசல்ஸில் கூடியது. தலைவர் ஒரு ஜெர்மன்காரர், டொக்டர் டொக்டர் ஃபோன் க்ரோனெபெர்க். இரண்டு டொக்டரையும் சேர்த்துச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பார். நாலு நாட்டுக்காரரும் கொண்டு வந்த அறிக்கையில் ஒரே வாசகம் இருந்தது: இருட்டு எங்களிடமிருந்து போகவில்லை, எங்களிடம் வந்தது. ஒல்லாந்துக்காரர் இருட்டு வந்த திசையைப் படம் போட்டுக் காட்டினார். பிரெஞ்சுக்காரர் எழும்பி, பிரான்சில் உண்டாகிற இருட்டு இவ்வளவு தரக்குறைவாக இராது என்றார். பெல்ஜியத்து அம்மா, தன் நாட்டில் பாதிப் பேர் ஒரு மொழியிலும் மீதிப் பேர் இன்னொரு மொழியிலும் இருளில் இருந்ததால் நட்டஈடு இரண்டு பங்கு என்றார்.

அடிபடாத குறை. அப்போதுதான் ஹவுஸ்மைஸ்டரின் கடதாசியும், செல்வராசாவின் சாமத்திய வீட்டு வீடியோவும் மேசைக்கு வந்தன. எங்கள் வீடியோக்களில் மூலையில் நேரம் ஓடுமே, அந்த நேரமும் இருட்டு விழுந்த நேரமும் அப்படியே பொருந்தின. திரையில் ஒரு மனிசன் கும்பிடுகிறார், சுவிச்சைப் போடுகிறார், ஐரோப்பா நூருகிறது.

“இவர் எந்த நாட்டவர்?” என்று தலைவர் கேட்டார்.

செயலாளர் தேடிப் பார்த்தார். “இங்கே இருக்கிறார், ஆனால் எங்களுடையவர் இல்லை. பாஸ்போர்ட் கிடையாது. எந்த நாட்டவரும் இல்லை.”

நெடுங்காலம் பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் கட்டினது போல நாலு முகமும் மலர்ந்தன.

அவரைப் பிரசல்ஸுக்கு அழைத்தார்கள். ஃப்ராவ் கெஸல் மறுத்துவிட்டார். ஐரோப்பாவையே அணைத்தவராக இருந்தாலும் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, அன்ட்ராக் என்கிற மனுவைப் போட்டால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகும் என்றார். ஆகவே மின்சாரம் எல்லை தாண்டின கதையை விசாரிக்க, எல்லை தாண்ட முடியாத மனிசனைத் தேடி, ஆணையமே கறுத்தக் கார்களில் அந்தச் சின்ன ஊருக்கு வந்தது. தீயணைப்புப் படையின் மண்டபத்தில் மேசை போட்டார்கள். வண்டி ஒன்றை வெளியே தள்ளி இடம் எடுத்தார்கள்.

மொழிபெயர்க்கக் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வசுந்தரா என்று ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை.

“அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க. சுவிட்சை நீங்கதான் போட்டீங்களான்னு கேக்கறாங்க.”

“ஓம் பிள்ளை, போட்டனான். ஆனா நான் போட்டது எங்கட சிப்பிக்கு. நாலு நாட்டுக்கு இல்லையெண்டு சொல்லும்.”

தலைவர் புன்னகைத்தார். “சிப்பி எங்கே முடிகிறது, நாடு எங்கே தொடங்குகிறது என்று மின்சாரத்துக்குத் தெரியாது. அது எல்லைகளை அறியாதது. அதுவே ஐரோப்பாவின் பெருமை.”

பின்வரிசை வாங்கில் இருந்த லலிதா எழும்பிவிட்டாள். “கரண்டுக்கு எல்லை தெரியத் தேவையில்லை, என்ர மனிசன் தக்காளி வாங்கப் போனா மட்டும் தெரியவேணுமோ?”

“ஆன்ட்டி, இதையும் ட்ரான்ஸ்லேட் பண்ணணுமா?”

“பண்ணும் பிள்ளை. நல்லா உறைக்கப் பண்ணும்.”

வசுந்தரா பண்ணினாள். தலைவர் தலையசைத்து, தக்காளி கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதியச் சொன்னார்.

கதிர்காமநாதன் மெல்லச் சொன்னார்: “ஐயா, அண்டைக்கு நான் சொன்னது எங்கட பிள்ளைக்காக. சபையில அப்பிடிச் சொல்லுறது எங்கட வழமை. உண்மையா நான் ஒண்டும் செய்யேல்லை.”

தலைவர் பேனையை மூடி வைத்தார்.

“நல்லது. அப்படியானால் இவர் காரணம் அல்ல. காரணமல்லாத ஒருவரை இந்த நாட்டில் வைத்திருக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. கோப்பை ஃப்ராவ் கெஸலிடம் திருப்பித் தருகிறோம். தை மாதப் பயணம் இனிதாக அமையட்டும்.”

“காரணமா இருந்தா?” என்று லலிதா கேட்டாள்.

“விசாரணை முடியும்வரை காரணத்தை நாடு கடத்த முடியாது, அம்மணி.”

லலிதா முன்வாங்குக்கு ஓடி வந்தாள். “ஐயோ, அவர்தான் செய்தவர்! வீட்டிலயும் இதே வேலைதான். கண்ட சுவிச்சையும் அமத்திக்கொண்டு திரிவார். எத்தினை தரம் சொல்லிப்போட்டன், கேக்கிற மனிசனே இல்லை!”

கதிர்காமநாதன் மனைவியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் ஐயா, எல்லாம் நான்தான்” என்றார்.

பிள்ளையள், இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால்தான் ஒருவனுக்கு உயிர் தங்கும் என்று வைத்துவிட்டு, அதற்கு மேசை விரித்து, தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் வைத்து, நடுவில் நாலு நாட்டுக் கொடியும் நாட்டி, நீதி விசாரணை என்று பெயர் வைக்கிறார்கள். களவெடுத்தவன் கூடக் கொஞ்சம் கூச்சப்படுவான். இவர்களுக்கு அதுவும் கிடையாது.

அடுத்த அமர்வில் ஒரு சங்கடம் வந்தது. அந்த மின்கம்பனியின் பொறியியலாளர் ஒருவர், நரை விழுந்த மனிசர், கூப்பிடாமலே வந்து நின்றார்.

“கம்பியை நிறுத்துகிற நாளை முன்னுக்கு மாற்றினது நான். மேலிடம் சொன்னது, மாற்றினேன். மாற்றினதைப் பக்கத்து நாடுகளுக்கு அறிவிக்கவில்லை. அந்த மனிதருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு நித்திரை வரவில்லை” என்றார்.

வசுந்தரா சொல்லச் சொல்ல லலிதாவின் முகம் வெளிறியது. “இந்த மனிசன் ஏன் இப்ப வந்து உண்மையைச் சொல்லுறார்? எங்களைக் கொல்லவோ?” என்று கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மை பேச வந்த ஒருவனைக் கண்டு ஒரு ஏழைப் பெண் நடுங்கினாள். அந்த நடுக்கத்தை யார் உண்டாக்கினார்களோ, அவர்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தங்கள் நேர்மையை மதிக்கிறோம். தாங்கள் எந்த நாட்டுப் பிரசை?” என்று தலைவர் கேட்டார்.

“ஜெர்மனி.”

“அதுதான் சிக்கல்.” தலைவர் பெருமூச்சு விட்டார். “தாங்கள் குற்றவாளி என்றால் ஜெர்மனி குற்றவாளி. ஜெர்மனி குற்றவாளி என்றால், இருட்டு வரும்போது ஒல்லாந்து ஏன் கதவைச் சாத்தவில்லை என்று நாங்கள் கேட்போம். ஒல்லாந்து பெல்ஜியத்தைக் கேட்கும். பெல்ஜியம் பிரான்சைக் கேட்கும். ஐம்பது வருச நட்பு. ஒரு தனிமனிதரின் நித்திரைக்காக அதை உடைக்கலாமா?”

“நித்திரைக்குக் குளிசை இருக்கிறதே” என்றார் பெல்ஜியத்து அம்மா, பரிவாக.

“எங்களுக்கு உண்மை தேவையில்லை என்று யாரும் நினைக்கக்கூடாது” என்றார் பிரெஞ்சுக்காரர். “எல்லோருக்கும் பொருந்துகிற உண்மை தேவை.”

பொறியியலாளரைத் தோளில் தட்டிக் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் கதிர்காமநாதனிடம் வந்து கையை நீட்டினார். கதிர்காமநாதன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தார். “நீங்கள் நல்ல மனிசன். வீட்டை போங்கோ” என்று தமிழிலேயே சொன்னார். வசுந்தரா அதை மொழிபெயர்க்கவில்லை. கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் செய்முறைப் பரிசோதனை. செல்வராசாவின் சிப்பியைக் கொண்டு வந்து தீயணைப்பு மண்டபத்தில் பூட்டினார்கள். சம்பவத்தை உள்ளது உள்ளபடி நடத்திக் காட்ட வேண்டுமாம். ஆதிரை வரமாட்டேன் என்றுவிட்டாள். யார் முத்தாக இருப்பது என்று நாலு நாடும் ஒரு காலைப்பொழுது வாதாடி, பிரான்சுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெரிய மனிசர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சிப்பிக்குள் குந்தினார். ஒல்லாந்துக்காரர் பன்னீர்ச் செம்பைப் பிடித்தார். பெல்ஜியத்து அம்மாவுக்கு ஆலாத்தித் தட்டு.

“அது வலப் பக்கமா சுத்தோணும்!” என்று செல்வராசா அதட்டினார். அம்மா திருத்திச் சுற்றினார்.

கதிர்காமநாதன் கும்பிட்டுவிட்டுச் சுவிச்சைப் போட்டார். புகை வந்தது. ஆயிரம் பல்பும் எரிந்தன. சிப்பி வாயைத் திறக்க, பிரெஞ்சுக்காரர் இருமிக்கொண்டு எழும்பி வந்தார். ஐரோப்பாவில் ஒரு விளக்கும் நூரவில்லை.

செல்வராசா, “பாத்தியளே, மச்சானால ஒண்டுமில்லை” என்று வாயெடுக்க, லலிதா அவருடைய காலை மிதித்தாள்.

அவள் பயப்படத் தேவையே இருக்கவில்லை. தலைவர் எழும்பிக் கை தட்டினார். “மகத்தான வெற்றி. சம்பவத்துக்குப் பிறகு நான்கு நாடுகளும் எடுத்த பாதுகாப்பு ஏற்பாடுகள் எவ்வளவு பலமானவை என்பது இன்று நிரூபணமாகியுள்ளது. இவர் எவ்வளவு முயன்றும் இந்தமுறை முடியவில்லை!”

அறிக்கை வந்தது. முழுப் பொறுப்பும் கதிர்காமநாதன் என்ற, எந்த நாட்டையும் சேராத ஒருவருடையது என்று கொட்டை எழுத்தில் போட்டு நாலு நாடும் கையெழுத்து வைத்தன. விருந்து நடந்தது. தலைவர் கிளாஸை உயர்த்தி, “இந்த மனிதரின் அழகே அவர் நம்மில் யாருடையவரும் அல்ல என்பதுதான். இப்படி ஒருவர் இல்லாமல் ஒற்றுமை எப்படி வளரும்?” என்றார். பொறியியலாளரின் வாக்குமூலத்தைக் காணோம். அமைச்சர் பச்சைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று சிரித்தார், படம் பேப்பரில் வந்தது.

விசாரணை முடிந்தது அல்லவா? மறுநாள் ஃப்ராவ் கெஸல் கூப்பிட்டார். முன்கூட்டி நேரம் குறிக்கிற டெர்மின் கூட இல்லாமல். மேசையில் இரண்டு விமான டிக்கெட்.

“ஆணையத்துக்கு நீங்கள் இனித் தேவையில்லை. உங்கள் நாட்டுத் தூதரகத்திலிருந்து உங்களுக்கு ஒரு பயணக் கடதாசி எடுத்தால் போதும், அனுப்பிவிடுவோம்.”

லலிதாவுக்குள் இருந்த சத்தமெல்லாம் தீயணைப்பு மண்டபத்தில் முடிந்துபோயிருந்தது. கதிர்காமநாதன் டிக்கெட்டில் இருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சொல்லச் சொன்னதெல்லாம் நாங்கள் சொன்னமே அம்மா” என்றார். அவ்வளவுதான்.

தூதரகத்துக்கு மனு போனது. இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஃப்ராவ் கெஸல் அதை இருவருக்கும் வாசித்துக் காட்டினார். வாசிக்க வாசிக்க அவருடைய கழுத்து சிவந்துகொண்டு போனது.

‘தாங்கள் குறிப்பிடும் நபர் எந்த நாட்டையும் சேராதவர் என நான்கு மதிப்புக்குரிய அரசுகள் ஆராய்ந்து, கையொப்பமிட்டு, உலகுக்கு அறிவித்துள்ளன. அதை மறுத்து அவரை எமது பிரசை என ஏற்பது அந்த அரசுகளை அவமதிப்பதாகும். மேலும், அவரை ஏற்றால் நான்கு நாட்டு நட்டஈட்டையும் நாமே ஏற்க நேரிடும். ஆகவே பயணக் கடதாசி வழங்குவதற்கில்லை.’

ஃப்ராவ் கெஸல் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் தலைவரைக் கேட்டது. அறிக்கையில் ஒரு சொல்லை மாற்றினாலும் நாலு நாடும் திரும்பவும் மேசைக்கு வரவேண்டும், நட்பு உடையும் என்று டொக்டர் டொக்டர் பதறிப்போனார். கடைசியில் வேறு வழியின்றி இரண்டு பேருக்கும் நிரந்தரமாக இருக்க அனுமதி கொடுத்தார்கள். அந்த அனுமதியில் எதற்காக இருக்கிறார் என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்களுக்கு வேலை, படிப்பு, குடும்பம் என்று போட்டிருக்கும். கதிர்காமநாதனுக்குப் போட்டது: பொறுப்பேற்றல்.

அது வெறும் எழுத்து என்று நினைத்துவிடாதேயுங்கோ. அடுத்த மாரியில் லைப்சிக் பக்கம் சின்னதாக ஒரு மின்வெட்டு. அரை மணித்தியாலத்துக்குள் அவர்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. நல்ல மரியாதையான குரல், எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்தது.

“அவர் குளிச்சுக்கொண்டு நிண்டவர்” என்றாள் லலிதா.

“அப்படியா” என்றது குரல். ஏமாற்றம் தெரிந்தது. “அப்படியென்றால் நாங்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். கஷ்டம்தான். பக்கத்து அகதி முகாமில் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள்.”

ஈரத் தலையோடு வந்து நின்ற கதிர்காமநாதன் மனைவியின் கையிலிருந்து டெலிபோனை வாங்கினார்.

“அவையளை விடுங்கோ” என்றார். “நான்தான்.”

என் செல்லங்களே, இவ்வளவுதான் கதை. எழும்பிப் போகமுதல் இதையும் வாங்கிக்கொண்டு போங்கோ. உங்கள் வீட்டு ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் செய்ததற்கு மட்டும் பதில் சொல்கிற காலம் வரட்டும். பெரிய மனிசரின் நட்புக்கு நடுவில் உங்கள் பெயர் ஒருநாளும் அகப்படாமல் இருக்கட்டும். கதவைத் தட்டி வருகிறவர் கையில் கோப்பு இல்லாமல் வரட்டும். அடுப்பு சூடாக, கட்டில் நித்திரையாக, உங்கள் குடும்பங்கள் நல்லாயிருக்க வேணும். போயிட்டு வாங்கோ.